நெல் பணத்தில் முதுமைக்குச் சேர்ப்பது எப்படி: காவிரி டெல்டாக்காரர்களுக்கு

எதில் பணம் போடலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், நீங்கள் வருமான வரி கட்ட வேண்டியவரா இல்லையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் நெல்லை மட்டுமே நம்பி வாழ்கிற பல வீடுகளில் பீரோவைத் திறந்தால், வரி மிச்சமாகும் என்று சொல்லி விற்கப்பட்ட பாலிசிகள் கிடக்கின்றன. விவசாய வருமானத்துக்கு வருமான வரிச் சட்டத்தில் முழு விலக்கு இருக்கிறது. வரியே கட்ட வேண்டாதவருக்கு வரி சேமிப்புத் திட்டம் எதற்கு? காப்பீடும் சேமிப்பும் கலந்த அந்தப் பழைய எண்டோமெண்ட் பாலிசிகள் பலவற்றில் வருடத்துக்கு 5, 6 சதவீதம் கிடைத்தாலே பெரிது. இதே பணத்தை வேறு இடத்தில் போட்டிருந்தால் முதுமைக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். குடும்பத் தலைவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி ஒன்று போதும், பிரீமியமும் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டி இல்லை என்பதால் இப்போது இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

சரி, எது விவசாய வருமானம்? நீங்களே சாகுபடி செய்து விற்கும் நெல், உளுந்து, வாழை, தேங்காய், கரும்பு எல்லாம் சேரும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாங்கும் நெல்லும் பணமும் சேரும். நாற்று வளர்த்து விற்பதும் சேரும். ஆனால் மாடு வைத்துப் பால் ஊற்றும் வருமானம், கோழிப்பண்ணை, வேதாரண்யம் பக்கத்து இறால் குட்டை, அறுவடை மிஷினை வாடகைக்கு ஓட்டுவது, ரைஸ் மில், இதெல்லாம் விவசாய வருமானம் ஆகாது, தொழில் வருமானம்தான். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டு "நான் விவசாயி, எனக்கு வரி கிடையாது" என்று இருந்துவிட்டால் பின்னால் நோட்டீஸ் வரும்போது பதில் சொல்ல முடியாது. சிட்டா, அடங்கல், கொள்முதல் நிலையத்தில் கொடுக்கும் ரசீது, பணம் வரவான வங்கிக் கணக்கின் பக்கங்கள், இவற்றை வருடத்துக்கு ஒரு உறையில் போட்டு வையுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்குக்கே வந்துவிடுவதால் விற்றதற்கு வேறு சாட்சி தேவையில்லை. வியாபாரியிடம் ரொக்கமாக விற்றவர்கள்தான் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

விவசாயத்தோடு சம்பளமோ பென்சனோ கடையோ இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியில்லை, சம்பளக்காரர்களுக்கும் பென்சன்காரர்களுக்கும் நிலைக்கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம் வரை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். உண்மையில் 4 லட்சம் வரைதான் வரி விகிதம் பூஜ்யம். அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10, 16 லட்சம் வரை 15 என்று ஏறுகிறது. 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு 60,000 வரை தள்ளுபடி கொடுத்துப் பூஜ்யமாக்குகிறார்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லையென்றாலும், அது 5,000ஐத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைத் தீர்மானிக்க அதையும் கூட்டிக்கொள்வார்கள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பென்சனும் டெபாசிட் வட்டியும் சேர்ந்து நிலைக்கழிவு போக 11 லட்சம். இரண்டு வேலி (சுமார் 13 ஏக்கர்) நிலத்தில் செலவு போக 5 லட்சம். இரண்டையும் கூட்டி 16 லட்சத்துக்கு வரி போட்டால் 1,20,000. விவசாய வருமானம் 5 லட்சத்தோடு அடிப்படை வரம்பு 4 லட்சத்தைச் சேர்த்து, அந்த 9 லட்சத்துக்கான வரி 30,000ஐக் கழிக்க வேண்டும். மீதி 90,000. தள்ளுபடி 60,000தான் கிடைக்கும். ஆக 30,000, அதன் மேல் 4 சதவீத செஸ், மொத்தம் 31,200 ரூபாய் அவர் கட்ட வேண்டும். இவர் 12 லட்சத்துக்குள்தானே இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்திருப்பார். அதே கணக்கில் மற்ற வருமானம் 8 லட்சம், விவசாயம் 3 லட்சம் என்றால் வரி 35,000தான் வருகிறது, தள்ளுபடியிலேயே அடங்கிவிடும். அதனால் உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டினால் ஐடிஆர்-1 படிவத்தில் தாக்கல் செய்யக் கூடாது, சம்பளக்காரர் பென்சன்காரர் என்றால் ஐடிஆர்-2க்குப் போக வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் 80சி (சேமிப்புக்கான வரிக்கழிவு) போன்ற பழகிய பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய எண்ணை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

பழைய வரி முறையில் இன்னும் இருப்பவர்களுக்குத்தான் 80சியின் 1.5 லட்சமும், என்பிஎஸ் என்கிற தேசிய பென்சன் திட்டத்தில் தனியாக 50,000மும் கழிவாகக் கிடைக்கும். வீட்டுக்கடன் வட்டி பெரிதாக இருந்தால் அதுவும் லாபமாக இருக்கலாம், இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்றபடி பெரும்பாலானவர்கள் புதிய முறைக்கு வந்துவிட்ட பிறகு, கழிவுக்காக எதையும் வாங்க வேண்டிய அவசியம் போய்விட்டது. இனி பார்க்க வேண்டியது, வளரும் வட்டிக்கு வரி உண்டா, கிழ வயதில் பணம் கைக்கு வருமா என்கிற இரண்டையும்தான்.

எவ்வளவு வேண்டும்? இன்று வீட்டுச் செலவு மாதம் 30,000 என்றால், விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 20 வருடத்தில் அதே வாழ்க்கைக்கு 96,000க்கு மேல் வேண்டும். சாப்பாட்டுக்கு வீட்டு நெல் இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது, அதனால் நமக்குப் பட்டணத்துக்காரர்கள் அளவுக்குத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் வயதான பிறகு பெருகும் செலவு அரிசியில் இல்லை, மாத்திரையிலும் ஸ்கேனிலும் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் கார் வைத்துப் போவதிலும் இருக்கிறது. அறுபத்தைந்து எழுபது வயதில் வரப்பில் நடக்க முடியாமல் நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் கைக்கு வருவது சொந்தச் சாகுபடியில் வந்ததில் ஒரு பங்குதான். அந்தக் குத்தகைத் தொகையை வைத்து வருடம் முழுக்க ஓட்ட முடியுமா என்று இன்றைக்கே எழுதிப் பாருங்கள். குறைகிற தொகைதான் நீங்கள் சேர்க்க வேண்டியது.

மாதச் சம்பளக்காரருக்கு எழுதப்பட்ட சேமிப்பு யோசனைகள் நமக்குப் பொருந்தாது. மாதா மாதம் 5,000 பிடித்தம் என்று போட்டால் ஆடியில் கணக்கில் பணமே இருக்காது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவைப் பணம் புரட்டாசி, ஐப்பசியில் வரும். சம்பா, தாளடிப் பணம் தை முதல் பங்குனி வரை வரும். வருடத்துக்கு இரண்டு தடவை பெரிய தொகை வருகிறது, மற்ற மாதங்களில் போகத்தான் செய்கிறது. அதனால் சேமிப்பையும் வருடத்துக்கு இரண்டு தடவையாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டுவாடா வந்த அந்த வாரமே எடுத்துவிட வேண்டும், உரக்கடைப் பாக்கியும் மொய்யும் முடிந்து மிஞ்சினால் போடலாம் என்று விட்டால் மிஞ்சாது.

குறுவைப் பணத்தில் முதலில் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைக் குறித்த தேதிக்குள் அடைத்துவிடுங்கள், தேதிக்குள் கட்டினால்தான் அது வட்டியில்லாக் கடன். அடுத்து நகைக்கடன். அப்புறம் ஒரு போகச் சாகுபடிச் செலவுக்கான தொகையை வங்கியில் டெபாசிட்டாக ஒதுக்குங்கள், மேட்டூர் தாமதமானாலோ கார்த்திகை மழையில் பயிர் மூழ்கினாலோ வெளியில் மூன்று வட்டிக்கு வாங்காமல் தாங்குவதற்கு அது வேண்டும். இந்த ஒதுக்கீடு இல்லாமல் நீண்டகாலச் சேமிப்பைத் தொடங்கினால், முதல் கெட்ட வருடத்திலேயே அதை உடைக்க வேண்டியிருக்கும்.

சம்பாப் பணம் முதுமைக்கு. இது நமக்கு இயற்கையாகவே அமைந்த வசதி, ஏனென்றால் அந்தப் பணம் வரும் நேரத்தில்தான் நிதியாண்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு ஒன்று தொடங்குங்கள். வருடத்துக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் 1.5 லட்சம், மாதா மாதம் போட வேண்டிய கட்டாயம் இல்லை. 15 வருடம், அதன் பிறகு வேண்டுமானால் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். வட்டி 2020 ஏப்ரலில் இருந்து 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிப்பதால் மாறவும் கூடும். வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் எந்த முறையிலும் வரி இல்லை. மாதத்தின் 5ஆம் தேதி முதல் கடைசித் தேதி வரை இருந்த குறைந்த இருப்புக்குத்தான் வட்டி என்பதால், ஏப்ரல் 1இலிருந்து 5க்குள் அந்த வருடத்துக்கான மொத்தத் தொகையையும் போட்டுவிட்டால் பன்னிரண்டு மாத வட்டியும் கிடைக்கும். முதல் வருடம் மட்டும் மார்ச் 31க்குள் ஒன்று, ஏப்ரல் 5க்குள் ஒன்று என்று இரண்டு வருடத்துக்கானதையும் அடுத்தடுத்துப் போடலாம். வருடத்துக்கு 50,000 இப்படிப் போட்டால் இதே வட்டியில் 15 வருடத்தில் சுமார் 13.5 லட்சம், 1.5 லட்சம் போட்டால் 40 லட்சத்துக்கு மேல். கடன்காரர் வழக்குப் போட்டாலும் கோர்ட்டு இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது, கடன் வாங்காமல் சாகுபடி நடக்காத நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. மனைவி பெயரிலும் தனியாக ஒரு கணக்கு தொடங்குங்கள். கணவர் கொடுத்த பணத்தில் வரும் வருமானத்தைக் கணவர் கணக்கில் சேர்ப்பார்கள் என்ற விதி இருந்தாலும், வட்டிக்கே வரி இல்லாததால் இங்கே அது பாதிக்காது. பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் திட்டம் அவளுக்கானது, உங்கள் முதுமைக்கானது இல்லை. இரண்டையும் கலக்காதீர்கள்.

நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வழி உண்டு. அடல் பென்சன் யோஜனாவில் 18 வயதுக்காரர் மாதம் 210, 30 வயதுக்காரர் 577, 40 வயதுக்காரர் 1,454 கட்டினால் 60க்குப் பிறகு மாதம் 5,000. காலாண்டுக்கோ அரையாண்டுக்கோ ஒருமுறை கட்டும் வசதியும் உண்டு, நமக்கு அரையாண்டுதான் சரி. அவருக்குப் பிறகு துணைவருக்கும் அதே பென்சன். 2022 அக்டோபரில் இருந்து வருமான வரி கட்டுபவர்கள் புதிதாகச் சேர முடியாது. இரண்டு ஹெக்டேருக்குள், அதாவது சுமார் 15 மா வரை நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்குக் கிசான் மான்தன் யோஜனாவில் மாதம் 55 முதல் 200 வரைதான், அரசும் அதே அளவு போடும், 60இல் மாதம் 3,000. இவை நிலையான தொகைகள், இன்றைய 5,000 இருபது முப்பது வருடம் கழித்து எவ்வளவுக்குச் சமம் என்பதை மறந்துவிடாமல், அடித்தளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் வளர்ச்சி வேண்டுமென்றால் என்பிஎஸ் எனக்குப் பிடித்த வழி. பங்குச்சந்தையிலும் கடன் பத்திரங்களிலும் பிரித்துப் போடுகிறார்கள், செலவு மிகக் குறைவு, வருடத்துக்கு 1,000 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும், பணம் வரும்போது மொத்தமாகவும் போடலாம். 60இல் எடுக்கும்போது திரண்டதில் 60 சதவீதம் வரை வரி இல்லை, மீதியில் வாங்கும் மாதப் பென்சனுக்கு வரிக்கணக்கு உண்டு. திருச்சியிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் தங்கள் கம்பெனியிடம், சம்பளத்தில் ஒரு பகுதியை என்பிஎஸ்ஸுக்கு முதலாளி பங்காகச் செலுத்தச் சொல்லிக் கேட்கலாம். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் வரியில்லை. மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகிறவர்கள், பங்கு ஃபண்டுகளில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து எடுத்தால் வருடத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதன் மேல் 12.5 சதவீதம் என்பதையும், 12 லட்சத் தள்ளுபடி அந்த வரிக்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

60 தாண்டியவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை முதலில் சொல்வேன். ஒருவருக்கு 30 லட்சம் வரை, 2023 ஏப்ரலில் இருந்து வட்டி 8.2 சதவீதம், ஐந்து வருடம், பிறகு மூன்று வருட நீட்டிப்பு. 10 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 கணக்கில் விழும். இந்த வட்டிக்கு வரிக்கணக்கு உண்டு. மூத்தவர்களுக்கு வங்கி வட்டி வருடத்துக்கு 1 லட்சம், மற்றவர்களுக்கு 50,000 தாண்டினால் வட்டியிலேயே வரியை (டிடிஎஸ்) பிடிப்பார்கள், வரியே வராதவர் ஏப்ரல் மாதமே அதற்கான உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் பிடிக்க மாட்டார்கள். பான் கார்டு இல்லாதவருக்கு 20 சதவீதம் போய்விடும். விவசாயம் மட்டும்தானே என்று பான் எடுக்காமல் இருப்பவர்கள் உடனே எடுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. கும்பகோணம் பக்கம் நிதி நிறுவனங்களில் பணம் போடுவது தலைமுறைப் பழக்கம். மத்தியக் கூட்டுறவு வங்கி உள்பட வங்கிகளில் ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. நிதி கம்பெனிகளுக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் வைக்கும் டெபாசிட்டுக்கும் அந்தக் காப்பீடு கிடையாது. கூடுதலாக அரை சதவீதம், ஒரு சதவீதம் வட்டி தருகிறார்கள் என்பதற்காக ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் அங்கே வைக்காதீர்கள். சீட்டு கட்டுவதாக இருந்தால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். தென்னந்தோப்புதான் என் பென்சன் என்று பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் இருந்தவர்களுக்கு 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் ஒரே இரவில் என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். நிலமும் தோப்பும் இருக்கட்டும், அதோடு மழைக்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லாத ஒரு பங்கும் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள், அங்கிருந்து திரும்பப் போகிறவர்கள், கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் நிறையப் பேர். வெளிநாட்டில் இருக்கும்வரை, அங்கே சம்பாதித்ததைப் போடும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு வரி இல்லை, இங்கே வரும் வருமானத்தைப் போடும் என்ஆர்ஓ கணக்கு வட்டிக்கு உண்டு. வெளிநாட்டில் இருந்துகொண்டு புதிதாக பிபிஎஃப் தொடங்க முடியாது, போவதற்கு முன்பே தொடங்கியிருந்தால் முதிர்வு வரை கட்டலாம். நிரந்தரமாக ஊர் வந்துவிட்டால் உடனே வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிலத்தை விற்று அந்தப் பணத்தில் முதுமையை ஓட்டலாம் என்ற யோசனை இருந்தால், கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு வரி இல்லை. கிராமப்புறம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மக்கள்தொகை 10,000 முதல் 1 லட்சம் வரை உள்ள ஊரின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள், 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலம் நகர்ப்புற நிலமாகிவிடும். தஞ்சாவூர், கும்பகோணம் என்றால் 6, மன்னார்குடி, திருவாரூர் என்றால் 2. சாலை வழியாக அளக்கக் கூடாது, நேர்கோட்டில் அளக்க வேண்டும். நகர்ப்புற நிலமாக இருந்தாலும், அதற்கு முந்தைய இரண்டு வருடம் சாகுபடியில் இருந்து, விற்ற பிறகு இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்கு கிடைக்கும். விற்பதற்கு முன் இதை அளந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பிள்ளைகளுக்கு எழுதி வைப்பதில் அவசரம் வேண்டாம். கையில் உள்ள நிலத்தை எல்லாம் தான செட்டில்மெண்ட் செய்துவிட்டு மாத்திரைக்குக் கைநீட்டி நிற்கும் பெற்றோரை ஊருக்கு ஊர் பார்க்கலாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் இருவரின் ஆயுள்காலம் வரை அனுபவ உரிமை உங்களுக்கே என்றும், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவுப்படி, அந்த நிபந்தனை இருந்து பிள்ளை கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோரி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். வாய்வார்த்தையாகச் சொன்னது பின்னால் உதவுவது கடினம்.

கடைசியாக நாமினி. வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை போடலாம். அப்பா பெயரில் இருந்த டெபாசிட்டுக்கு நாமினி இல்லாததால் வாரிசுச் சான்றுக்கும் கையெழுத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் வங்கிக்கும் அலைகிற குடும்பங்கள் ஏராளம். பாஸ்புத்தகத்தில் நாமினி பதிவானதாகக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள், தபால் அலுவலகக் கணக்கு, பிபிஎஃப், என்பிஎஸ், பாலிசி ஒவ்வொன்றிலும் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை பணம் போடப் போகும்போதே படிவம் வாங்கி எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டும் கேட்டு வாங்கி, அந்த வருடத்து உறையிலேயே வைத்துவிடுங்கள்.